முகாம் வாசலில் வட்டிக்கடை!

அஞ்சாநெஞ்சன் என்று அவனை அழைக்கிறார்கள். அலைகடல் நடுவே ஆறு மாதம் நின்று காவல் காப்பவன். குண்டுமழை பொழியும்போதும் நெஞ்சு நிமிர்த்தி நடப்பவன். ஆணை பிறந்தால், ஏன் என்று கேளாது புறப்படுபவன். அத்தகையவன், விடுமுறை நாளில் முகாமைவிட்டு வெளியே வந்ததும், எதிரே விளக்குப் போட்டிருக்கும் ஒரு கடையைக் கண்டு தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கிப் போகிறான்! அங்கே பீரங்கி இல்லை. பகைவனின் ஒற்றன் இல்லை. மேசை ஒன்று, பேரேடு ஒன்று, அந்தப் பேரேட்டிலே இவன் பெயர் ஒன்று! அவ்வளவுதான். பகைவனிடம் பணியாத தலையைப் பேரேடு பணிய வைத்துவிட்டது!

உலகிலேயே படைக்கென மிகுதியாகச் செலவிடும் நாடு அமெரிக்கா. அந்த நாட்டு முகாம்களின் வாசலில் நடந்த கதை இது. அந்தப் படை எந்தக் கடலில் எதற்காக நிற்கிறது, அதன் துப்பாக்கி யார் நெஞ்சை நோக்குகிறது என்பதெல்லாம் வேறு வழக்கு. அதிலே நமக்குள்ள கருத்தை நாம் என்றும் மறைத்ததில்லை. இன்று நாம் பேசப்போவது சிப்பாயின் சட்டைப்பையைப் பற்றி. காலியான சட்டைப்பைக்கு வாஷிங்டன் என்றும் வண்ணாரப்பேட்டை என்றும் வேறுபாடு உண்டா?

நம் பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். சம்பள நாளன்று மில் வாசலில் ஈட்டிக்காரன் வந்து நின்ற காலம் ஒன்று இருந்தது. உள்ளேயிருந்து தொழிலாளி வருவான். உறையிலே கூலி இருக்கும். வீட்டிலே பிள்ளைகள் காத்திருக்கும். உறை வீட்டுக்குப் போகுமுன் வாசலிலேயே பிரிக்கப்பட்டுவிடும்! அந்த ஈட்டிக்காரனின் அமெரிக்கத் தம்பிதான் முகாம் வாசலில் கடை விரித்தான். "சம்பள நாள் கடன்" என்று அதற்கு அழகாகப் பெயரும் வைத்தான்.

கணக்கைப் பாருங்கள். நூறு டாலர் கடன். பதினைந்து டாலர் கட்டணம். தவணை இரண்டே வாரம். "பதினைந்துதானே!" என்று தோன்றும். இரண்டு வாரம் கழிந்து, நூறைத் திருப்ப முடியாதவன் இன்னொரு பதினைந்தைக் கட்டித் தவணையை நீட்டுவான். ஆண்டுக்கு 26 முறை இரண்டு வாரம் வருகிறது. 26 முறையும் அவன் பதினைந்து கட்டினால், கட்டியது 390 டாலர். வாங்கிய நூறோ வாங்கியபடியே நிற்கும்! ஆண்டு வட்டியாகச் சொன்னால் ஏறத்தாழ 391 விழுக்காடு. நம்மூர் மீட்டர் வட்டிக்காரன்கூட இந்தக் கணக்கைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைப்பான்!

எத்தனையோ ஏழைகள் இருக்க, சிப்பாயைத் தேடி வருவானேன்? காரணம் இருக்கிறது. சிப்பாய்க்கு மாதாமாதம் தவறாது சம்பளம் வரும். ஆலை மூடியது, ஆள் குறைத்தார்கள் என்ற தொல்லை கிடையாது. அவன் இளைஞன், வாழ்க்கையில் முதன்முதலாகச் சொந்தச் சம்பளத்தைக் கையில் வாங்குகிறவன். தாய் தந்தையைப் பிரிந்து, ஊர் விட்டு ஊர் மாற்றப்பட்டு, அறிமுகமற்ற இடத்தில் குடும்பம் நடத்துகிறவன். சம்பளத்திலிருந்தே நேராகத் தவணையைப் பிடித்துக்கொள்ள வழி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடனை நாணயமின்றிக் கட்டாமல் விடுவது படைச் சட்டப்படியே தண்டனைக்குரிய குற்றம்! கடன் மிகுந்தவன் நம்பிக்கைக்குரிய பணிகளுக்கான அனுமதியையும் இழக்க நேரும். ஆக, மேலதிகாரி காதுக்குப் போய்விடுமோ என்று சிப்பாய் நடுங்குவான். அந்த நடுக்கமே வட்டிக்காரனுக்கு ஈடு! நகை கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. சிப்பாயின் மானத்தையே அடகு பிடித்துக்கொண்டான்.

போருக்கு மகனை அனுப்பிய தாயின் வீரத்தைப் புறநானூறு பாடுகிறது. படையின் மாட்சிக்குத் தனி அதிகாரமே வைத்தார் வள்ளுவர். அவன் சென்ற மறுநாள் அந்த வீட்டிலே அடுப்பு எரிந்ததா, யாரிடம் கைமாற்று வாங்கினார்கள், என்ன வட்டி கொடுத்தார்கள் என்று கேட்பது நம்முடைய வேலை.

இந்தக் கொடுமைக்கு மாற்று இல்லையா? உண்டு! வட்டிக்கடைகள் இந்த உருவில் பெருகுவதற்கு வெகு காலம் முன்பே அந்த மாற்று பிறந்துவிட்டது.

1933 சனவரி. அமெரிக்காவைப் பெருமந்தம் கவ்வியிருந்த நேரம். வேலையில்லாத் திண்டாட்டம் ஒரு பக்கம். வங்கிகள் கவிழ்ந்து, போட்ட பணம் போன இடம் தெரியாது போனது மறுபக்கம். மார்ச்சிலே ரூஸ்வெல்ட் பதவி ஏற்றதும் நாட்டிலுள்ள வங்கிகள் அத்தனையையும் சில நாட்கள் மூடிவைக்க வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட நேரத்திலே, வாஷிங்டனில் கடற்படைத் துறையில் வேலை பார்த்த ஏழு பேர் கூடினார்கள். கோடீசுவரர்கள் அல்ல, தளபதிகளும் அல்ல, ஊழியர்கள். "நம்மிடம் உள்ள சில்லறையை ஒன்றாகப் போடுவோம், நம்மிலே தேவைப்படுபவனுக்கு நியாயமான வட்டிக்குக் கொடுப்போம், மிச்சத்தை நாமே பங்கிட்டுக்கொள்வோம்" என்று முடிவு செய்தார்கள். பெரிய பெரிய வங்கிகள் சாய்ந்துகொண்டிருந்தபோது ஏழு ஊழியர்கள் எழுந்து நின்றார்கள்!

அந்த எழுவரின் சங்கம்தான் இன்று "நேவி பெடரல் கிரெடிட் யூனியன்" என்ற பெயரோடு விளங்குகிறது. அலுவலக ஊழியரோடு தொடங்கியது. பின்னர் கடற்படையினருக்குக் கதவு திறந்தது. 2008-இல் மற்றப் படைகளுக்கும், 2013-இல் கடலோரக் காவற்படைக்கும், 2017-இல் ஓய்வுபெற்ற படைவீரர் அனைவருக்கும் விரிந்தது. வீரர்களின் குடும்பத்தாரும் சேரலாம். 2024-இல் உறுப்பினர் தொகை 1 கோடியே 40 லட்சம்; சொத்து 18,000 கோடி டாலருக்கு மேல். உலகத்திலுள்ள இத்தகைய சங்கங்களில் இதுவே பெரியது.

சேர்வதற்கு ஐந்து டாலர் சேமிப்பு போதும். வெளியே பங்கு வாங்கி இலாபம் தின்னும் முதலாளி கிடையாது, உறுப்பினரே உடைமையாளர். மிச்சமாகும் பணம், சேமிப்புக்கு ஈவாகவும் கடனுக்குக் குறைந்த வட்டியாகவும் உறுப்பினருக்கே திரும்புகிறது. தளபதிக்கும் ஒரு வாக்கு. தளத்தைத் துடைக்கும் மாலுமிக்கும் ஒரு வாக்கு! கப்பலிலே ஒருவருக்கொருவர் சல்யூட் அடித்தாக வேண்டும். சங்கத்திலே இருவரும் சமம். கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ் இயங்கும் இத்தகைய சங்கங்கள் பொதுவாக 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது என்று வரம்பும் இருக்கிறது. அவசரத்துக்குத் தரும் சிறு கடனுக்கு மட்டும் 28 வரை விட்டிருக்கிறார்கள். 391 எங்கே, 18 எங்கே!

நம்மவர் வியப்படைய இன்னொரு செய்தி உண்டு. இந்தச் சங்க முறைக்கு வேர் தேடிப் போனால், ஒரு வேர் நம் சென்னை மாகாணத்தில் வந்து முட்டுகிறது!

உழவனைக் கடன் தின்றுகொண்டிருந்த நாளில், வேளாண் வங்கிகள் அமைக்க வழி உண்டா என்று ஆராயும்படி 1892-இல் சென்னை அரசு பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியைப் பணித்தது. அவர் ஐரோப்பாவை ஆய்ந்து, செர்மனியில் ஊர்த்தலைவராயிருந்த ரைபைசன் நடத்திக் காட்டிய கிராமக் கடன் சங்கங்களைக் கண்டு, 1895-லும் 1897-லும் அறிக்கை தந்தார். அந்த ஆய்வின் வழியிலே 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டிலே திருவள்ளூரை அடுத்த திரூரில் கடன் சங்கம் எழுந்தது. திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை எழுந்தது.

1907-இல் பாஸ்டன் நகரத்துப் பெருங்கடை உரிமையாளர் எட்வர்டு பைலீன் உலகம் சுற்றி வரும் வழியில் வங்காளம் வந்தார். கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளராயிருந்த கூர்லேயுடன் கிராமங்களைப் பார்த்தார். ஏழை உழவர்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்று கடன் கொடுத்து வாங்குவதைக் கண்டு மலைத்தார். ஊர் திரும்பியவர், 1909-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடன் சங்கச் சட்டம் வரத் துணை நின்றார். பின்னர் நாடெங்கும் சங்கங்கள் பரவத் தம் பணத்தைச் செலவிட்டார். கனடாவில் 1900-இலேயே மக்கள் வங்கி தொடங்கிய டெஷார்டின் உதவியோடு நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டர் நகர ஆலைத் தொழிலாளர்களும் 1908-லேயே தங்கள் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். 1934-இல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம் நாடு முழுவதற்கும் வழி திறந்தது.

அமெரிக்கனிடம் கற்க வேண்டும், ஆங்கிலேயனிடம் கற்க வேண்டும் என்று அலைகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும். இந்திய உழவனின் குடிசையிலே அமெரிக்கப் பெருவணிகர் பாடம் படித்துச் சென்றார்!

சரி, அந்தச் சங்கம் செய்தது என்ன? ஒரு காட்சியைச் சொல்லுகிறோம்.

2018 டிசம்பரிலே, வரவு செலவுத் திட்டத்தில் தலைவருக்கும் நாடாளுமன்றத்துக்கும் தகராறு. எல்லையிலே சுவர் எழுப்பப் பணம் வேண்டும் என்றார் தலைவர். தர முடியாது என்றது மன்றம். 35 நாட்கள் அரசின் ஒரு பகுதியே இழுத்து மூடப்பட்டது. கடலோரக் காவற்படை வேறு துறையின்கீழ் இருந்ததால், அந்தப் படையினர் 40,000-க்கு மேற்பட்டவர்களுக்கு 2019 சனவரி 15-இல் வரவேண்டிய சம்பளம் வரவில்லை. வேலைக்கோ விடுமுறை இல்லை! புயலிலே கப்பல் தத்தளித்தால் போக வேண்டும். முழுகுகிறவனைத் தூக்க வேண்டும். வீட்டிலே பிள்ளைக்குப் பால் வாங்க மட்டும் பணம் கிடையாது.

வட்டிக்காரனுக்கு இதைவிட நல்ல நாள் வேண்டுமா? அந்த வேளையில்தான் சங்கம் முன்வந்தது. சம்பளத்தைத் தன்னிடம் வரவு வைக்கும் உறுப்பினர்களுக்கு 6,000 டாலர் வரை வட்டியில்லாக் கடன் என்று அறிவித்தது. சம்பளம் வந்ததும் திருப்பினால் போதும். மாளிகையிலே இருந்தவர்கள் சண்டையிட்டார்கள். குடிசையிலே அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டது, உறுப்பினர்கள் சேர்த்து வைத்த பணம்! கூட்டுறவு என்றால் என்ன என்று கேட்பவருக்கு இந்த ஒரு நிகழ்ச்சியைக் காட்டினால் போதும்.

"அப்படியானால் சங்கம் வைத்தால் போதும், சட்டம் எதற்கு?" என்று கேட்கும் நண்பர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே வரலாற்றில் பதில் இருக்கிறது. முகாமுக்குள்ளே சங்கக் கிளை இருந்தும், முகாமுக்கு வெளியே வட்டிக்கடை வளர்ந்தது. சங்கத்தில் விண்ணப்பம் எழுத வேண்டும், வரவு செலவு காட்ட வேண்டும். கடையிலோ கேள்வியில்லாமல் பத்து நிமிடத்தில் பணம்! அவசரக்காரன் கடைக்குத்தான் போனான்.

கடைசியில் பாதுகாப்புத் துறையே விழித்துக்கொண்டது. 2006 ஆகஸ்டில் அது நாடாளுமன்றத்துக்குத் தந்த அறிக்கை, கொள்ளைக் கடன் படையின் ஆயத்தத்தையே கெடுக்கிறது, வீரரையும் குடும்பத்தையும் மனம் குன்ற வைக்கிறது என்று எடுத்துக் காட்டிற்று. குடியரசுக் கட்சி உறுப்பினர் டாலண்டும் சனநாயகக் கட்சி உறுப்பினர் நெல்சனும் சேர்ந்து கொண்டுவந்த திருத்தம் அவ்வாண்டு அக்டோபரில் சட்டமாயிற்று. படைவீரருக்கும் அவரைச் சார்ந்தவருக்கும் தரும் கடனுக்கு, கட்டணம் உட்பட எல்லாம் சேர்த்து, ஆண்டுக்கு 36 விழுக்காட்டுக்கு மேல் கூடாது!

"வேண்டுமென்றால் வாங்குகிறான், வேண்டாமென்றால் விடுகிறான்; இதிலே சர்க்காருக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. முழுகுகிறவன் முன்னால் கயிற்றை நீட்டி, "ஆயிரம் தருவாயா?" என்று கேட்டால், அவன் தருகிறேன் என்றுதான் சொல்வான். அதற்குச் சுதந்திரம் என்றா பெயர்?

வட்டிக்காரன் சும்மா இருப்பானா! சட்டத்தைச் செயற்படுத்த வந்த விதியில், சம்பள நாள் கடன் என்றால் 91 நாட்களுக்குள் அடைய வேண்டியது, 2,000 டாலருக்கு மிகாதது என்று எழுதியிருந்தார்கள். 91 என்றாயா, இதோ 92 நாள் தவணை! 2,000 என்றாயா, இதோ 2,001! ஓட்டை ஒன்று தெரிந்தால் யானையே நுழைந்துவிடும் அல்லவா? 2015-இல் விதியைத் திருத்தி ஓட்டையை அடைக்க வேண்டியதாயிற்று.

இதிலே தொழிலாளத் தோழர்கள் கருத வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்தக் கூட்டாட்சிச் சட்டம் சீருடை அணிந்தவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் மட்டுமே. சில மாநிலங்கள் தாமாகவே எல்லாருக்கும் வரம்பு வைத்தன. வைக்காத மாநிலங்களில், சீருடையைப் போட்டவனுக்கு 36, சீருடையைத் தைத்தவனுக்கு 391! படை தளர்ந்தால் நாடு தளரும் என்று கண்டுகொண்ட ஆளுவோர், பாட்டாளி தளர்ந்தால் நாடு தளரும் என்பதை இன்னும் கண்டுகொள்ளவில்லை.

இதுவரை சொன்னது சங்கத்தின் பெருமை. குறையையும் சொல்லாவிட்டால் நாம் விளம்பரம் எழுதியவராவோம்.

2024 நவம்பரில், நுகர்வோர் நிதிப் பாதுகாப்புக்கென அந்நாட்டு அரசு அமைத்த அமைப்பு, இதே நேவி பெடரல்மீது ஓர் உத்தரவு போட்டது. பொருள் வாங்கும்போது உறுப்பினர் கணக்கிலே போதிய பணம் இருப்பதாகக் காட்டுகிறது. வாங்கி முடித்த பிறகு, வரவு செலவுகளைப் பதியும் வரிசையிலே கணக்குக் குறைந்துபோகிறது. உடனே "இருப்பை மீறி எடுத்தாய்" என்று 20 டாலர் கட்டணம்! 2017 முதல் 2022 வரை இப்படி வசூலித்தது முறைகேடு என்று கண்டு, 8 கோடி டாலரை உறுப்பினருக்குத் திருப்பவும், ஒன்றரைக் கோடி டாலர் அபராதம் கட்டவும் அந்த அமைப்பு ஆணையிட்டது. ஆட்சி மாறியது, 2025 சூலையில் அதே அமைப்பு அந்த ஆணையை நீக்கிவிட்டது! ஆளும் கை மாறினால் ஏழைக்குக் கிடைத்த தீர்ப்பும் காற்றிலே போகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இன்னொன்று. 2023 டிசம்பரில் சி.என்.என். செய்தி நிறுவனம் 2022-ஆம் ஆண்டின் வீட்டுக்கடன் புள்ளிகளை ஆராய்ந்தது. வழக்கமான வகை வீட்டுக்கடன் கேட்ட வெள்ளையரில் நூற்றுக்கு 75-க்கு மேற்பட்டவருக்குச் சங்கம் இசைந்தது. கறுப்பரில் பாதிப் பேருக்குக்கூட இசையவில்லை என்று அது எழுதிற்று. கடன் நாணய மதிப்பெண் போன்ற விவரங்களைச் சேர்க்காமல் செய்த கணக்கு இது என்று சங்கம் மறுத்தது. வழக்கை நாம் தீர்க்க வரவில்லை. ஆனால், 1948-இல் ட்ரூமன் ஆணை பிறப்பிக்கும்வரை, ஒரே கொடியின்கீழ் சாகப்போன கறுப்பனும் வெள்ளையனும் தனித்தனிப் பிரிவுகளில் வைக்கப்பட்ட படை அது. அந்த வரலாறு உள்ள இடத்தில், இத்தகைய எண் ஒன்று வெளிவந்தால், "கணக்கு சரியில்லை" என்ற ஒரு வரிப் பதில் போதாது. கணக்கைத் திறந்து காட்டுவதே பதில். சேரியும் அக்கிரகாரமும் தனித்தனியாக இருந்த மண்ணிலே பிறந்த நமக்கு, அந்த எண்ணின் வலி புரியாமலா போகும்?

ஏழு பேராக இருந்தபோது ஏமாற்றமுடியாது. ஏனெனில் ஏழு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேரேட்டைப் பார்த்தார்கள். ஒன்றேகால் கோடியைத் தாண்டியபோது மேசை எங்கோ போய்விட்டது! ஒவ்வொருவருக்கும் வாக்கு இருக்கிறது; அதைப் போடுகிறவர் யார், பேரவையிலே எழுந்து கேட்கிறவர் யார்? உடைமையாளன் தன்னை வாடிக்கைக்காரன் என்று நினைக்கத் தொடங்கிய அன்றே, சங்கமும் தன்னை வங்கி என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறது. கூட்டுறவை வெளிப்பகைவன் அழிப்பதைவிட, உறுப்பினரின் உறக்கம் அழிப்பதுதான் மிகுதி.

இதனாலே கூட்டுறவே வீண் என்று முடிவு கட்டுவோர், வட்டிக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறவர்களே. வீட்டிலே ஓடு உடைந்தால் ஓட்டை மாற்றுவோமா, தெருவிலே போய்ப் படுப்போமா?

நம் நாட்டிலே 2003-இல் தமிழ்நாட்டு அதீத வட்டித் தடைச் சட்டம் வந்தது. ஆங்கிலத்தில் எழுதிய அந்தச் சட்டத்திலேயே கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்ற நம் சொற்கள் இடம்பெற்றுவிட்டன. வேறு மொழியிலே சொல்ல முடியாத அளவுக்கு அந்தக் கொடுமை நம்மோடு ஒட்டியது போலும்! சட்டம் இருக்கிறது, தண்டல்காரனும் இருக்கிறான். அன்று ஈட்டியோடு மில் வாசலில் நின்றவன், இன்று கைப்பேசிக்குள்ளே புகுந்து, "ஐந்தே நிமிடத்தில் கடன்" என்று அழைக்கிறான். வாசலில் நின்றவனைக் கண்டு ஒதுங்கிப் போக வழி இருந்தது. சட்டைப்பையிலேயே குடியிருப்பவனைக் கண்டு எங்கே ஒதுங்குவது?

ஆகவே தோழர்களே, முகாம் வாசலிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் மூன்று. சேமிக்கும் இடம் நம்முடையதாக இருக்க வேண்டும், அது கூட்டுறவு. கொள்ளைக்கு எல்லை கட்ட வேண்டும், அது சட்டம். இரண்டையும் கண்விழித்துக் காக்க வேண்டும், அது நாம்!

நீங்கள் ஆலையில் இருக்கலாம், பணிமனையில் இருக்கலாம், பள்ளியிலோ போக்குவரத்திலோ இருக்கலாம். உங்கள் சிக்கன நாணயச் சங்கத்தின் பேரவைக் கூட்டம் அடுத்து என்று, தெரியுமா? சென்ற ஆண்டின் வரவு செலவுக் கணக்கைப் படித்தீர்களா? கடன் யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று கேட்டீர்களா? கேட்கவில்லை என்றால், இந்த வாரம் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரன் தண்டலிலே சிக்கியிருந்தால், அவனைக் கையைப் பிடித்துச் சங்கத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். மேடையிலே நாம் பேசும் பத்துப் பேச்சுக்கு அந்த ஒரு வேலை சமம்.

சங்கம் தொடங்க ஏழு பேர் போதும் என்று 1933-இல் காட்டினார்கள். அதைக் காக்க ஏழு பேர் போதாது. உறுப்பினர் அத்தனை பேரும் வேண்டும்!